பதினைஞ்சு நிமிசம்

தலையணை நனைஞ்சிருந்தது.
கூரைத் தகரம் ஒழுகுதெண்டுதான் முதல் நினைச்சன்.
மாசிக் கடைசியில ஏது மழை?
தொட்டுப் பார்த்தால் இவர்ர கழுத்து,
குளத்துக்குள்ளால எழும்பி வந்த மாதிரி
குளிர்ந்து, வழிஞ்சு.

"இஞ்சேருங்கோ" எண்டன்.
"ஆர் நீ?" எண்டார்.

இருபத்திரண்டு வருசத்தில
இந்தக் கேள்வியை மூண்டாம் தரம் கேக்கிறார்.
முதல் தரம் அழுதனான்.
இப்ப கரண்டி தேடுறன்.

ரோச்சைப் பல்லில கடிச்சுக்கொண்டு
விரலில குத்தி மெசினுக்கு ஒரு துளி.
நாற்பத்தாறு.
மெசின் இலக்கத்தை மட்டும்தான் சொல்லும்.
முத்தையன்கட்டு வயலில விடிய விடிய வைக்கல் ஏத்தினதையும்
பொழுதுபட அரைக் கோப்பைச் சோத்தோட எழும்பினதையும்
ஊசியை மட்டும் ஒரு அலகும் குறையாமல்
ஒழுங்காப் போட்டதையும்
நான்தான் கூட்டிக் கழிக்க வேணும்.

சீனி மூண்டு தேக்கரண்டி, அரைக் கிளாஸ் தண்ணி.
விழுங்குவாரோ எண்டு ஒரு மிடறு வைச்சுப் பார்த்தன்.
விழுங்கினார்.
மயங்கிக் கிடந்தால் வாயில ஊத்தப்படாது,
மாஞ்சோலை ஆசுப்பத்திரிக்கு ஓட வேணும்.
இந்தச் சாமத்தில எங்க வாகனம்?
கையைத் தட்டிவிட்டார். பாதி நெஞ்சில.
திரும்பக் கரைச்சன்.
"நஞ்சு தாறாய்."
ஓம், நஞ்சுதான், குடியுங்கோ.
குடிச்சார்.

இனிப் பதினைஞ்சு நிமிசம்.
கிளினிக்கில நேர்ஸ் பிறிஜிற்றா சொன்னவ:
"குடுத்திட்டு இருங்கோ. சும்மா இருங்கோ.
பதகளிச்சு மேல மேல ஊத்தாதேங்கோ."
சும்மா இருக்கிறது லேசெண்டு நினைச்சிருக்கிறா.

மூண்டாவது நிமிசம்
ஒட்டுசுட்டான் சந்தி வந்து முன்னால நிண்டது.
மதகடியில சைக்கிளோட விழுந்து
கண் செருகி, வாய் குழறிக் கிடந்தார்.
சனம் சுத்தி நிண்டது.
"கசிப்பு" எண்டான் ஒருத்தன்.
"பட்டப்பகலில" எண்டாள் ஒருத்தி.
பத்தடி தள்ளிச் சோடாக் கடை.
நான் ஓடிப்போய் முதல் செய்த வேலை என்ன தெரியுமோ?
குனிஞ்சு
அவர்ர வாயை மணந்து பார்த்தது.

இண்டைவரைக்கும் அதை அவருக்குச் சொல்லேல்லை.

ஏழு.
நடுக்கம் நிக்கேல்லை.
எங்கட பக்கத்தில ஒராள் நடுங்கினால்
ஆரும் காரணம் கேக்கிறேல்லை,
எல்லாத்தையும் சண்டைக் கணக்கிலயே எழுதிவிடுவினம்.
இவரும் ஒண்டரை வருசம்
"அது பழைய பயம், போயிடும்" எண்டு
வேர்வையைச் சாரத்தால துடைச்சுக்கொண்டு திரிஞ்சவர்.
பழைய பயம் சீனி குடுத்தால் மாறாது.
இது மாறும்.
அப்பிடி மாறுற ஒண்டு எங்களுக்கும் இருக்கெண்டது
கொஞ்சம் ஆறுதல்.

பதினொண்டு எண்டு நினைக்கிறன்,
ரோச் வெளிச்சம் சுவரில ஆடுது.
பார்த்தால் என்ர கை.
எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.
வெள்ளிக்கிழமை விரதம், வெறும் தேத்தண்ணி,
நாள் முழுக்கக் கச்சான் பிடுங்கினது,
இரவு இவருக்குப் போட்டிட்டுப் பானையைக் கவிட்டது.
"சாப்பிடாமல் முறிஞ்சால்
நீரிழிவு இல்லாத ஆக்களுக்கும் இறங்கும்,
உங்கட உடம்பென்ன இரும்போ?" எண்டும்
பிறிஜிற்றா சொன்னவ.
அப்ப சிரிச்சனான்.
கிளாஸின்ர அடியில கரையாமல் கிடந்ததை
விரலால வழிச்சு நக்கினன்.

திரும்பக் குத்தினன். எழுபத்தெட்டு.
கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.
"என்ன, நித்திரை கொள்ளாமல் இருக்கிறீர்?"

இருக்கிறீர்.
என்ர பேர் அவருக்கு ஞாபகம் வந்ததோ தெரியாது,
அந்த மரியாதை வந்திட்டுது.

கிறாக்கர் பிஸ்கற் நாலு எடுத்து
இரண்டு அவருக்கு, இரண்டு எனக்கு.
இருட்டில கறுமுறெண்டு கடிச்சம்.
விடிய கிளினிக்குக்குப் போய்
ஊசி அளவைக் கேக்க வேணும்.
பிள்ளையின்ர கொப்பி மட்டையில ஒரு துண்டு வெட்டி
சேட் பொக்கற்றுக்குள்ள வைக்க எழுதினன்:
"நான் வெறியில்லை. எனக்குச் சீனி தாங்கோ."
முதல் வசனத்தை எழுதேக்க
ஊர்ச்சனத்தை நினைக்கேல்லை, என்னைத்தான் நினைச்சன்.

தலையணையில எறும்பு ஏறத் தொடங்கியிட்டுது.
உதறிப் போட்டு
மற்றப் பக்கம் திருப்பி வைச்சன்.